சட்டை கழற்றாத மாப்பிள்ளை

நாற்பத்து மூன்று வயது வரை என் முதுகை நான் பார்த்ததே இல்லை. முதுகு என்று ஒன்று இருப்பது, அதைத் தேய்த்துவிட ஆள் இருக்கிற வீட்டில்தான் அடிக்கடி ஞாபகத்துக்கு வரும். என்னுடையது சட்டைக்கும் நாற்காலிக்கும் நடுவில் தானுண்டு தன் வேலையுண்டு என்று கிடந்தது.

1991 ஐப்பசி மழையில் ஒருநாள் படப்பையில் முடிவெட்டப் போனேன். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்த சலூன். மழையால் வேறு யாரும் இல்லை. அக்குளையும் சிரைத்துவிடுகிறேன் என்று கடைக்காரர் சட்டையைக் கழற்றச் சொன்னார். கத்தியைத் தீட்டியபடி பின்னால் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“சார், முதுவுல இன்னாவோ கீதே.”

“இறக்கையா? முளைக்கும்னு ஜோசியர் சொன்னாரு.”

“தமாசு இல்ல சார். தேமல் மாரி கீது. வெளுப்பா, ஒரு ரூபா காசு அகலத்துக்கு.” அப்புறம் அவரே சிரித்தார். “இன்னா சார், உங்க கத மாப்பிள்ளைக்கு வந்தது உங்களுக்கே ஒட்டிக்கினுச்சா?”

“என்னை மாப்பிள்ளைன்னு யாராவது கூப்பிட்டா எனக்குச் சந்தோஷந்தாம்பா.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். முன் கண்ணாடிக்குள் பின் கண்ணாடி. அதற்குள் என் முதுகு. அதற்குள் இன்னொரு முதுகு. இப்படியே உள்ளுக்குள் உள்ளுக்குள் ஒரு பஸ் நிறைய என் முதுகுகள். எல்லாவற்றிலும் இடது தோளுக்குக் கீழே அந்த வெளிறிய வட்டம். சிரித்துக்கொண்டே சட்டையைத் தேடினேன்.

அந்த வட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நான் சோறு தின்பதே அதைத் தேடிக் கண்டுபிடிப்பதால்தான். அரசாங்கத்தில் எனக்குத் தொழுநோய் ஆய்வாளர் என்று பெயர். ஊர்களில் தேமல் சார். மணிமங்கலத்திலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரை சைக்கிளில் போய், வீடு வீடாகப் பகல் வெளிச்சத்தில் எல்லோருடைய தோலையும் பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லாத தேமல் இருந்தால் மாத்திரை. ஒழுங்காகத் தின்றால் நோய் போய்விடும், கை கால் விரல்கள் பத்திரமாக இருக்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இவ்வளவைச் சொல்வதற்குள் கதவு சாத்திவிடும். அதுவும் அந்த வருஷம் பெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் பையோடு வரும் வெளியாள் என்றாலே ஜனங்களுக்குப் படபடப்பு. பையைத் திறந்து காட்டு என்பார்கள். காட்டுவேன். உள்ளே தொழுநோய்ப் படங்கள் இருக்கும். இதற்கு வேறு ஏதாவது இருந்திருந்தாலே தேவலை என்பதுபோலப் பார்ப்பார்கள்.

அதனால்தான் மரத்தடியில் ஊரைக் கூட்டிவைத்துக் கதை. இலாகா கொடுத்த துண்டுப் பிரசுரத்தை நான் ஒரு மாப்பிள்ளையாக மாற்றினேன். முதுகில் தேமல் வந்த ஒருவன் அதை மறைப்பதற்காகச் சட்டையையே கழற்றுவதில்லை. ஏரியில் சட்டையோடு குளிக்கிறான். சித்திரை வெயிலில் சட்டையோடு களத்தில் தூங்குகிறான். கோயிலில் சட்டையைக் கழற்று என்றால் வாசலோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுகிறான். நான் சொன்னது அவ்வளவுதான். மீதியை ஊர்கள் சொல்லின. மணிமங்கலத்துப் பெண்கள் அவனுக்கு நலங்கு வைத்தார்கள்: சட்டைமேலேயே எண்ணெய், சட்டைமேலேயே சந்தனம். செங்கல் சூளையில் ஒரு மாமியாரைச் சேர்த்தார்கள். துவைக்க வேண்டும், கழற்று என்று சோப்போடு துரத்துகிற மாமியார். மாப்பிள்ளை இன்னா சாதி என்று ஒரு ஊரில் கேட்டார்கள். சட்டை சாதி என்றேன். கடைசியில் பெண்டாட்டி அந்தச் சட்டையைக் கழற்றுவாள், ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள், அவன் பிழைப்பான். எப்படிக் கழற்றினாள் என்பதில் ஊருக்கு ஊர் கருத்து வேறுபாடு. பெண்கள் மட்டும் இருந்த கூட்டங்களில் வந்த யோசனைகளை இங்கே எழுத முடியாது.

சிரித்து முடித்துக் கூட்டம் கலையும்போது யாராவது ஒருவர் மட்டும் போகாமல் மரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பார். “சார், எங்க வூட்டாண்ட ஒருத்தரு சட்டையே கழட்ட மாட்டேன்றாரு…” என்று இழுப்பார். அந்த ஒருவருக்காகத்தான் அவ்வளவு கூத்தும்.

என் சட்டையைக் கழற்ற யாரும் வாய்க்கவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் என்ன உத்தியோகம் என்பார்கள். சொன்னதும் உள்ளேயிருந்து வர வேண்டிய காபி வராது. அப்புறம் பெண்ணும் வராது. சில வருஷங்களில் நானும் போவதை விட்டுவிட்டேன். படப்பையில் மாடியில் ஒரு அறை. கீழே இருந்த வீட்டுக்காரம்மா நல்லவர்தான். தண்ணீர் கேட்டால் கொடுப்பார். அதற்கென்றே ஒரு எவர்சில்வர் டம்ளர் மாடிப்படியில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். சொந்த வீடு இல்லாவிட்டாலும் சொந்த டம்ளர் இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்வேன். சாயங்காலம் ஒரு ஊரையே சிரிக்க வைத்துவிட்டு வந்து, ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு ஆளுக்கு அரிசி களைவேன். அறையில் நான் எது சொன்னாலும் சிரிப்பு வராது. அங்கிருந்த ஒரே ஆளுக்கு என் ஜோக்குகள் எல்லாம் ஏற்கனவே தெரியும்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். தேமல் எல்லாம் தொழுநோய் இல்லை. தொட்டால் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டு என்போம். காட்டிவிட்டால் வெறும் தேமல்தான், போய்க்கொண்டே இருக்கலாம். காட்டாவிட்டால் நம்ம ஆள். உலகத்திலேயே சுலபமான பரிசோதனை. ஒரே ஒரு நிபந்தனை: தொடுகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

எனக்கு அந்த வேறு ஆள் இல்லை.

துடைப்பக் குச்சியின் முனையில் பேனா ரீஃபிலைக் கட்டி, தோளுக்கு மேலே கையை வளைத்துக் குத்திப் பார்த்தேன். குத்துகிறவனும் நானே என்பதால் எப்போது குத்தப் போகிறேன் என்று எனக்கு முன்கூட்டியே தகவல் வந்துவிடுகிறது. தெரிகிறது என்றும் தோன்றியது, தெரியவில்லை என்றும் தோன்றியது. சரி, தகவல் சொல்லாமல் குத்துகிறவர்கள் யார்? கொசுக்கள். சட்டையில்லாமல் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். படப்பைக் கொசுக்கள் கால், காது, கண்ணிமை எல்லாவற்றையும் கவனித்தன. முதுகை மட்டும் ஒதுக்கிவிட்டன. ஒருவேளை கடித்திருந்து எனக்குத்தான் தெரியவில்லையோ என்று நினைத்ததும் வியர்த்துக் கொட்டியது.

அடுத்து எறும்பு. வெல்லத் தண்ணீரை முதுகில் வழியவிட்டுக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தேன். அரசாங்க ஊழியர், இருபது வருஷ சர்வீஸ், முதுகில் வெல்லம். எறும்பு வந்தது. உதட்டில் கடித்தது. மறுநாள் காலை முகம் வீங்கிப் போயிருந்தது. முகம் தடித்தால் உடனே வந்து காட்டுங்கள் என்று ஊரெல்லாம் படம் காட்டியவன் நான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று கைக்குட்டையால் மூக்குவரை மூடிக்கொண்டு போனேன். கண்டக்டர் மட்டும் பல்வலியா என்று கேட்டார்.

கீழே அடிபம்பில் பனியனோடு குளிக்க ஆரம்பித்தேன்.

“இன்னா சார், பனியனோட?” என்றார் வீட்டுக்காரம்மா.

“அதுவும் அழுக்காத்தாம்மா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே குளிச்சிடறோம்.”

ஈரப் பனியன் முதுகில் ஒட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. நான் இட்டுக்கட்டிய மாப்பிள்ளையை நானே வரிவிடாமல் நடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்காவது ஒரு ஏரி இருந்தது.

பெரும்புதூர் தொழுநோய் மையத்தில் என்னோடு இன்னொரு ஆய்வாளர் இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு சட்டையைக் கழற்றினால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அவருடைய மேஜை வரை பல தடவை போனேன். போய், வேறு ஏதாவது தமாஷ் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பயம் நோயைப் பற்றி அல்ல என்று பெருந்தன்மையாக எழுத ஆசைதான், நோயைப் பற்றியும்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தேமல் சாருக்கே தேமல் என்று ஒரு வாய் சொன்னால் போதும். தொட்டுத் தொட்டு அவனுக்கே ஒட்டிக்கொண்டது பார் என்று படப்பையிலிருந்து வல்லம் வரை கதவுகள் சாத்தும். கதை போய்விடும். மரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிற அந்த ஒருவரும் போய்விடுவார். சாயங்காலங்களில் என்னோடு பேச இந்த உலகத்தில் இருந்தது அந்தக் கூட்டங்கள்தான். அவையும் போனால் எனக்கு மிச்சம் டம்ளர்தான்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை வல்லம் வடகாலுக்குப் பக்கத்துக் குடியிருப்பில் கதை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயில்காரர்களும் வந்துவிட்டார்கள். நல்ல வெயில். அந்த ஊரில் எனக்கு ஒரு எதிர்க்கட்சி உண்டு: கல் குவாரியில் ஜல்லி உடைக்கிற ஒரு அம்மாள். என் வயதுதான் இருக்கும். கதையில் ஒரு வரியைச் சும்மா விடமாட்டார்.

மாப்பிள்ளையை ஏரியில் இறக்கினேன்.

“இரு சார்,” என்றார் அவர். “மணிமங்கலத்துல எங்க தங்கச்சியாண்ட சொல்லசொல்ல கெணறுன்னியாமே. இங்க ஏரின்ற. எதுலதான் குளிச்சான் அவன்?”

“ரெண்டுலயும் குளிச்சான்மா. சுத்தமான பையன்.”

“சட்டையோட குளிக்கறவன் இன்னா சுத்தம்?”

கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. நான் அவசரமாக நலங்கு, மாமியார், கோயில் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிக்கு வந்தேன். பெண்டாட்டி சட்டையைக் கழற்றிவிட்டாள். இந்த இடத்தில் நான் வழக்கமாகப் பேனாவை எடுத்து, முழங்கையை நீட்டி, கண்ணை மூடி, கூட்டத்தில் யாரையாவது தொடச் சொல்லிப் பரிசோதனையைச் செய்து காட்டுவேன். அன்றும் சட்டைக் கையை மடித்தேன்.

“கையில எதுக்கு?” என்றார் அந்த அம்மாள். “மாப்பிள்ளைக்கு முதுவுலதானே? முதுவுல காட்டு.”

“கையும் முதுகும் ஒரே தோல்தாம்மா.”

“ஒரே தோல்னா முதுவுலயே காட்டேன். எங்களைப் பாத்தா மட்டும் கழட்டு கழட்டுன்ற. நீ கழட்ட மாட்டியா?”

“கழட்டு சார்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் பல குரல்கள். கைதட்டல் தாளமாகிவிட்டது. கழட்டு, கழட்டு.

சட்டை கழற்றாதவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நன்றாகத்தான் படித்திருந்தார்கள். சளி என்று சொல்லலாமா, பட்டன் சிக்கிக்கொண்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். எல்லாம் மாப்பிள்ளை ஏற்கனவே சொல்லிவிட்ட சாக்குகள். கழற்றினேன்.

அந்த அம்மாள் பின்னால் வந்தார்.

“அட, இங்க பாருங்கடி! சார் வேஷம் கட்டிக்கினு வந்துகீறாரு! சுண்ணாம்பு தடவிக்கினு!”

மரத்தடியே அதிர்ந்தது. “நாடகக் கம்பெனி வச்சுடு சார்!” என்றான் ஒருவன். அப்போது எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல! சுண்ணாம்பு! இத்தனை நாள் இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். கூட்டத்துக்கு ஒரு கும்பிடுகூடப் போட்டேன்.

அவர் விளையாட்டாக முந்தானை நுனியை நனைத்துத் தேய்த்தார். வட்டத்துக்கு வெளியே துணி உரசுவது தெரிந்தது. இன்னொரு தரம் தேய்த்தார். அந்தத் தேய்ப்பில் விளையாட்டு இல்லை.

“கண்ண மூடு சார்.” குரல் தாழ்ந்திருந்தது. பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

மூடினேன். எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ இருமினார்கள். எங்கே தொட்டாலும் சட்டென்று காட்டிவிடுவது என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன். தொடுகிற பாடாக இல்லை.

“ஆரம்பிம்மா. மாப்பிள்ளைக்குக் குளிருது.”

“எப்பவோ ஆரம்பிச்சுட்டேன் சார்.”

கூட்டம் வெடித்தது. என் வாழ்நாளில் நான் வாங்கியதிலேயே பெரிய சிரிப்பு அதுதான். நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்போது வட்டத்துக்குப் பக்கத்தில், உணர்ச்சி இருக்கிற தோலில், ஒரு உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. ஜல்லி உடைத்துக் காய்த்துப்போன கை. “இது தெரியுதா?” என்று என் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். தலையாட்டினேன். என் முதுகில் ஒரு மனுஷக் கை பட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று அந்த நேரத்திலா யோசிப்பது? யோசித்தேன். பிடிபடவில்லை.

“சார், இது சுண்ணாம்பு இல்ல.”

சுண்ணாம்புதான் என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஏறியிருக்கலாம். அதற்கான வாக்கியம்கூட நாக்கில் இருந்தது. ஆனால் அந்தக் கை இன்னும் முதுகை விட்டு விலகவில்லை.

“சிரிச்சது போதும்,” என்றேன் கூட்டத்தைப் பார்த்து. “இது வேஷம் இல்ல. எனக்கு வந்திருக்கு.”

சிரித்தார்கள். சத்தியமாக என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாளைக்கே மாத்திரை வாங்கப் போகிறேன் என்றேன். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருஷக்கணக்காகத் தமாஷ் பண்ணியவன் ஒரே ஒரு நாள் நிஜம் பேசினால் என்ன மரியாதை கிடைக்குமோ அது கிடைத்தது. தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அதை அறைக்குள்தான் பழகியிருந்தேன். ஊரே கூடிச் சிரிக்கும்போது நடுவில் சட்டையில்லாமல் நின்று பழகவில்லை.

“வாய மூடுங்க எல்லாரும்!” என்று அந்த அம்மாள் கத்தினார். “நெசந்தான் சொல்றாரு. நான் குத்துனேன், அவருக்குத் தெரியல.”

சிரிப்பு ஓரங்களிலிருந்து அணைந்தது. முன்னால் இருந்த ஒரு பெண் தன் குழந்தையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் எழுந்தான். தாம்பரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட்டுக்குப் போகிறவன்.

“அப்ப ஒட்டிக்கும்னுதானே அர்த்தம்? இத்தினி நாளா சும்மா ஒட்டாதுன்னு கத உட்டுக்கினு இருந்தியா? எங்க புள்ளைங்களையெல்லாம் தொட்டுப் பாத்தியே, இப்ப இன்னா சொல்ற?”

நான் பயந்த கேள்வி அதுதான். இந்த மாதிரி ஒற்றைத் தேமலிலிருந்து யாருக்கும் பரவாது, பரவுகிற வகைகூட மாத்திரை ஆரம்பித்துவிட்டால் பரவாது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, தொடுவதால் வந்திருந்தால் என்னோடு வேலை செய்கிற எல்லோருக்கும் வந்திருக்கும்: எல்லாம் சொன்னேன், முதல் தடவையாக ஒரு ஜோக்கும் இல்லாமல். துண்டுப் பிரசுரம் வாய் திறந்து பேசியது போலிருந்தது. அவன் முடியும்வரை நிற்கவில்லை. அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். அந்த அம்மாள் பேனாவை என் கையில் கொடுத்து, “மழ வர மாரி கீது. சீக்கிரம் போ சார்,” என்றார். வானம் தெளிவாக இருந்தது.

மறுநாள் சக ஆய்வாளரின் மேஜைக்குப் போய், தமாஷ் எதுவும் சொல்லாமல் சட்டையைக் கழற்றினேன். அதுவே அவரைப் பயமுறுத்திவிட்டது. அவர் பார்த்தார், பிறகு டாக்டர் பார்த்தார். சந்தேகம் இல்லை. முதல் மாத்திரைகளை எங்கள் கண்ணெதிரே முழுங்க வேண்டும் என்பது விதி.

“வாயத் தொறங்க,” என்றார் சக ஆய்வாளர். “நாக்கத் தூக்குங்க.”

“முழுங்கிட்டேன்யா.”

“நீங்க புளுகுவீங்க. தூக்குங்க.”

தூக்கினேன். அந்த மாத்திரை தின்றால் சிறுநீர் சிவப்பாகப் போகும், மருந்தின் நிறம்தான், பயப்படாதீர்கள் என்று நான் சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. சாயங்காலம் சிவப்பைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சேதி என்னைவிட வேகமாகச் சைக்கிள் ஓட்டியது. படப்பை சலூனில் நான் போகும்போதெல்லாம் கத்தி சாணைக்குப் போயிருந்தது. மணிமங்கலத்தில் கூட்டத்துக்கு நானும் ஒரு நாயும் வந்திருந்தோம். வீட்டுக்காரம்மா தன் தம்பிக்கு மாடி வேண்டும் என்றார். அவருக்குத் தம்பி கிடையாது. வருத்தப்படாதீர்கள், தம்பியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, மையத்தின் பின்னால் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கிய அறைக்கு மாறிக்கொண்டேன்.

மார்கழியில் மறுபடி வல்லம் வடகால் முறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்கள் மரத்தடியில் நின்ற என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். குவாரி அம்மாள் மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்க்கட்சியே இல்லாத சபையில் என்ன பேசுவது? சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினேன்.

கோயிலுக்குப் பின்பக்கமிருந்து அந்த வெள்ளைச் சட்டைக்காரன் வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று ஒரு காலைப் பெடலில் வைத்துத் தயாரானேன். வேகமாக ஓட்டுவதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

“கத சொல்லப் போறியா சார்?”

“கேக்க ஆள் இல்லையேப்பா.”

“கத வேணாம்.” நாலு பக்கமும் பார்த்தான். “மாத்திர தின்றியா?”

“தினமும்.”

“கஷ்டமா கீதா?”

“மாத்திரை கஷ்டம் இல்ல. மத்ததுதான்.”

“ஒண்டியாவா கீற?”

“ஒண்டியாத்தான்.”

அவன் கழுத்துப் பட்டனைக் கழற்றினான். அடுத்தது. அதற்கடுத்தது. விலாவில், கையைத் தூக்கினால் மட்டும் தெரிகிற இடத்தில் இருந்தது.

“எங்க வூட்ல கூடத் தெரியாது சார்.”

சட்டையைக் கழற்றுகிறவர்களுக்கென்று என்னிடம் வழக்கமான சில ஜோக்குகள் உண்டு. எதையும் எடுக்கவில்லை. வெயில் படும்படி அவனைத் திருப்பி நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னேன். மூடினான். இமைகள் துடித்தன. தவறாமல் காட்டிவிட வேண்டும் என்று விரலை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டான்.

“குத்திட்டியா சார்?”

“இன்னும் இல்லப்பா.”

பொய் இல்லை. பேனாவை எடுத்திருந்தேன், தொடவில்லை. இன்னொரு கையை அவன் தோளில் வைத்தேன்.

“இது தெரியுதா?”

“தெரியுது.”

“சரி. இப்ப ஆரம்பிக்கறேன்.”